விரிசல் தங்கிய தெரு

கடலுக்கும் உரத் தொழிற்சாலைக்கும் நடுவே படுத்துக்கிடக்கும் நெடுந்துறை என்னும் ஊரில், ஓர் ஆண்டு, இரும்புக் குழாய்க்குள் இருந்த விரிசல் ஒன்று நடக்கத் தொடங்கியது. இதைக் கேட்டு எவரும் வியக்க வேண்டியதில்லை, ஏனென்றால் நெடுந்துறைக்காரர்களே வியக்கவில்லை. அது நடந்து யார் தெருவுக்குப் போயிற்று என்பதொன்றைத்தான் அவர்கள் கேட்டார்கள்.

குழாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கப்பலில் வந்திறங்கும் அம்மோனியாவைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசேர்க்கும் குழாய் அது. உள்ளே ஒரு பூனை வாலைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு அகலம். துறைமுகப் பாலத்தில் கிளம்பி, ஆசிரியர் காலனியில் சாலையோரப் பள்ளத்தில் சிமெண்டுப் பலகைகளுக்கு அடியில் கைக்கெட்டும் ஆழத்தில் ஓடி, கடைத்தெருவில் கடைகளின் அடியில் புகுந்து, கீழத்தெருவில் சாக்கடைக்கும் கீழே ஆழமாய் இறங்கி, கடைசியாக உப்பளத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு அடியில் கான்கிரீட்டுக்குள் புதைந்து, தொழிற்சாலைச் சுவரைத் தொடும். குழாய் முதலில் வந்ததா வீடுகள் முதலில் வந்தனவா என்று கேட்டால் ஒவ்வொரு தெருவும் தன் வீடே முதலில் வந்ததென்று சாதிக்கும். தெருவுக்கு ஒரு பார்வைக் குழி உண்டு. அதன் இரும்பு மூடியைத் திறந்தால் குழாயின் முதுகு தெரியும்.

ஆண்டுக்கு ஒருமுறை வாயுவை நிறுத்தி, குழாயைக் காலிசெய்து, அதன் உடம்பைச் சோதிப்பார்கள். சோதிப்பவள் பரிபூரணம். அவள் வெளியூர்க்காரி அல்லள். ஆசிரியர் காலனியிலேயே, மிஷன் பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் வேதமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு, கல்யாண வயதில் எப்சிபா என்றொரு மகளை வைத்திருப்பவள். அவளுடைய கருவிக்கு ஊதுகுழல்போல் விரிந்த ஒரு வாய் உண்டு. அந்த வாயைக் குழாயின் கடல்முனையில் பொருத்தி, சோற்றைச் சூடாக்கும் பெட்டிக்குள் சுற்றுகிறதே, அந்த நுண்ணலையின் மெல்லிய கீற்றொன்றை உள்ளே அனுப்புவாள். இரும்புச் சுவர் சூழ்ந்திருப்பதால் அலைக்குத் தப்பிக்க வழியில்லை. அது குழாயின் வழியாகவே ஓடும். இரும்பு நலமாயிருக்கும் இடத்தில் தடையின்றிப் போகும். பற்றவைத்த மூட்டு வந்தால் சிறிதாக எதிரொலிக்கும். விரிசல் வந்தால் வேறு விதமாக எதிரொலிக்கும். போய்த் திரும்பிய நேரத்தைப் பாதியாக்கிக் கணக்கிட்டால், எந்த வீட்டு வாசலுக்கு நேரே எந்தக் குறை இருக்கிறதென்று மண்ணைத் தோண்டாமலே சொல்லிவிடலாம். திரையில் மூட்டுகள் விரல்கணுக்களைப்போல் வரிசையாய் வரும். விரிசல், அந்த வரிசையில் சேராமல், நடுவே தனியாய் நிமிர்ந்து நிற்கும்.

அந்த ஆண்டு அது ஆசிரியர் காலனியில் நின்றது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாலமோன் வீட்டு வாசலுக்கு நேரே.

மறுநாள் காலையில் பலகைகளைத் தூக்கி, சாலையை உடைத்து, விரிசல் கண்ட துண்டை வெட்டியெடுத்து, புதுத்துண்டு வைத்துப் பற்றவைப்பதாக ஏற்பாடு. ஆனால் சாலமோன் சாருக்கு அது பொறுக்கவில்லை. தம் வாசலில், தம் பெயர்ப்பலகைக்கு நேரே, ஊர் கூடி வேடிக்கை பார்க்க ஒரு குறை நிற்பதை அவர் அவமானமாக நினைத்தார். பள்ளியில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு ஒன்றை ஓய்வுபெறும்போது நினைவாகக் கொண்டுவந்திருந்தார், அன்று மாலை அதை எடுத்துக்கொண்டு பார்வைக் குழியைத் திறந்து, குழாயின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்து, பையன்களை வகுப்பைவிட்டு விரட்டிய அதே குரலில், "போலே அங்கிட்டு!" என்றார். விரிசல், அந்தப் பையன்களைப்போலவே, மறுபேச்சின்றி எழுந்து போயிற்று.

மறுநாள் வெட்டியபோது இரும்பு புதுக்காசுபோலப் பளபளத்தது. வெட்டிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தொழிற்சாலையின் பராமரிப்பு மேலாளர், பரிபூரணத்திடம், "மேடம், பேசாம உங்க பெட்டியில சோறு சூடாக்குங்க," என்றார். கூலிக்காரர்கள் சிரித்தார்கள். பரிபூரணம் கடல்முனைக்குப் போய் மீண்டும் அலையை அனுப்பினாள். விரிசல் கடைத்தெருவில், நகைக்கடைக்கு அடியில் நின்றது. அதே உயரம், அதே வடிவம். நிழற்படத்தில் கண்ட முகத்தை நேரில் கண்டதுபோல அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள்.

கடைத்தெருக்காரர்களுக்கு விஷயம் எட்ட வெகுநேரமாகவில்லை. சாலமோன் சார் அடித்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பார்த்ததைச் சொல்லாமலிருக்கத் தெரிந்தவர்கள் நெடுந்துறையில் இல்லை. நகைக்கடைக்காரர் எடைக்கல்லைத் தூக்கிவந்து குழாயில் அடித்தார். விரிசல் கீழத்தெருவுக்குப் போயிற்று. கீழத்தெருவார் உலக்கையால் அடித்தார்கள். அது கடைத்தெருவுக்கே திரும்பியது.

ஊர் இதை எப்படித் தன் வாழ்க்கைக்குள் எடுத்துக்கொண்டது என்பதைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும். அம்மை கண்ட வீட்டில் நோயின் பெயரைச் சொல்லாததுபோல, விரிசலின் பெயரையும் சொல்லக் கூடாதென்று கீழத்தெருப் பெண்கள் முடிவுசெய்து, 'அவுக' என்று மரியாதையாகச் சொல்லத் தொடங்கினார்கள். அதுவரை புருஷனை 'அவுக' என்று சொல்லிவந்தவர்கள், குழப்பம் வராதிருக்கப் புருஷனைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டார்கள். விரிசலைப் பற்றிய கவலையில் எந்தப் புருஷனும் அதைக் கவனிக்கவில்லை. காலையில் பரிபூரணம் அலையனுப்பி முடிக்கும்வரை தேநீர்க் கடைகளில் பால் பொங்காமல் காத்திருந்தது, "அவுக எங்க?" என்பதே ஊரின் காலை வணக்கமாயிற்று. அவுக நின்ற தெருவை ஆட்டோக்கள் சுற்றிக்கொண்டு போயின. பெண்ணெடுக்க வந்தவர்கள் சாதகம் கேட்குமுன் தெருவைக் கேட்டார்கள். தேவாலயத்தில் போதகர் விரிசல் விலகிப்போக ஜெபித்தார், எங்கே விலகிப்போக என்பதை மட்டும் ஜெபத்தில் சொல்லவில்லை. சுடலைமாடன் கோயிலில் சாமியாடியைக் கேட்டபோது, அவர் கையிலிருந்த வல்லய ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது இரும்புச் சங்கதி, எனக்குத் தெரியாது," என்று சொல்லி மலையேறிவிட்டார். மாவரைக்க இயந்திரம் வைத்திருந்த வீடுகளிலெல்லாம் மறுபடி உலக்கை வந்து கதவோரம் நின்றது. விடிந்தால் ஒரு தெருவில் டங்கென்று கேட்கும், உடனே அடுத்த தெருவில் டங்கென்று பதில் வரும். கைக்குழந்தைகள் அம்மா என்று சொல்லுமுன் டங் என்று சொல்லக் கற்றன. சாப்பிட உட்கார்ந்தவர்களின் விரல்கள் தாமாகவே தட்டில் தாளம்போட்டன. நின்ற இடத்தில் நிற்க எவராலும் முடியவில்லை. நெடுந்துறையே ஊசிமேல் உட்கார்ந்ததுபோல நெளிந்துகொண்டிருந்தது. பயணம் போனவர்கள் பாதிவழியில் திரும்பிவந்தார்கள், தாங்கள் இல்லாத நேரம் பார்த்து அடுத்த தெரு தள்ளிவிடுமோ என்ற அச்சத்தில்.

வெட்டுகிறவர்கள் ஒரு தெருவில் இயந்திரத்தை இறக்குமுன்னே அந்தத் தெருவார் அடித்துவிடுவார்கள். வெட்டினால் சாலை கிழியும்; வீடுகளைக் காலிசெய்ய வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, 'அந்தத் தெருவில்தான் இருந்ததாம்' என்ற பேச்சு நிலைத்துவிடும். குறையில்லாத இரும்பு உலகில் இல்லை. நெருப்பில் பிறந்து அழுத்தத்தில் வாழும் எதற்கும் ஒருநாள் கீறல் விழத்தான் செய்யும். கீறல் விழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஐயா. அதை ஓசைப்படாமல் அண்டை வீட்டுக்குத் தள்ளிவிட்டு, என் வீடு சுத்தம் என்று மார்தட்டுகிறோமே, அங்கேதான் வெட்கம் தொடங்குகிறது. நெடுந்துறையில் அன்று இதைச் சொல்ல எவருமில்லை. எல்லாருடைய கைகளும் உலக்கையில் இருந்தன.

கடைசியில் விரிசல் லைன் வீடுகளுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

அங்கே அதை அடிப்பார் இல்லை. உப்பளத்து ஆணும் பெண்ணும் வெளுக்குமுன் பாத்திக்குப் போய்விடுவார்கள். பகலெல்லாம் லைன் வீடுகளில் இருப்பவர்கள், எழுந்து நடமாட முடியாதவர்களும் இன்னும் நடக்கத் தொடங்காதவர்களும்தான். ஒவ்வொரு காலையும் பரிபூரணத்தின் திரையில் அது அதே இடத்தில் வந்து நின்றது. மற்ற மூன்று தெருக்களிலும் உலக்கைகள் ஓய்ந்தன. தேநீர்க் கடைகளில் மறுபடி பால் பொங்கியது. ஊர் பெருமூச்சு விட்டது.

பரிபூரணம் விடவில்லை. அவள் மேலாளரிடம் போய் நின்றாள்.

"லைனுக்கு அடியில கான்கிரீட்டு, மேடம். அத உடைக்கணும்னா வீட்டையெல்லாம் இடிக்கணும். திங்கக்கிழம கப்பல் வருது," என்றார் அவர்.

"அப்ப அந்த வீடுகள்ல இருக்கறவங்க?"

"அழுத்தத்தக் கொஞ்சம் கொறைச்சு ஓட்டிக்கலாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சின்ன விரிசல்தான?"

"சின்னதுதான். ஆனா அதுவழியா வாரது வாயு. காத்து அடிச்ச பக்கம் மூச்சு விட முடியாது."

"நீங்க கையெழுத்துப் போடலன்னா வேற ஊர்லருந்து ஒருத்தர் வந்து போடுவார். போட்டுட்டு ஊருக்குப் போயிருவார். நீங்களாவது இங்கனயே இருப்பிய," என்றார் மேலாளர். அவர் கெட்டவர் அல்லர்; அவரும் தமக்கு நேர்வதை அடுத்தவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் தள்ளுகிறவர்கள் சென்னையில் இருந்தார்கள்.

பரிபூரணம் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு லைன் வீடுகளுக்கு நடந்தாள். விரிசல் நின்ற இடம் முத்துப்பேச்சியின் வீடு. முத்துப்பேச்சி உப்பு வாருகிறவள், வெயிலிலும் உப்பிலும் கண்ணோரம் சுருங்கிப்போனவள், பரிபூரணத்துக்கு இளையவள். பாத்தியிலிருந்து அப்போதுதான் வந்து காலில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே உத்தரத்தில் சேலைத் தொட்டில். அதில் பிள்ளை உறங்கியது. பரிபூரணம் அடியெண்ணி அளந்து பார்த்தாள். அவள் கால் தொட்டிலுக்கு நேர் கீழே வந்து நின்றது.

"இங்கனதான் நிக்காகளா எக்கா?" என்றாள் முத்துப்பேச்சி.

"ஆமா."

"நானும் நெனச்சேன். தரையில காது வச்சா ஒரு மாதிரி இருக்கும். சரி, நம்ம வீட்டுக்கும் ஒரு விருந்தாளி வந்தாகளேன்னு விட்டுட்டேன்."

"ஏன் அடிக்கல? சாயங்காலம் எல்லாரும் வந்துருதியள்லா? குழியத் திறந்து ஒரு அடி அடிச்சா அந்தாக்குல போயிரும்."

முத்துப்பேச்சி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "பேசினோம். எங்க வீட்டாளு கடப்பாறைய எடுத்துட்டாக. நான்தான் தடுத்தேன். அடிச்சா எங்க போவும்? கீழத்தெருவுக்கு. அங்க எங்க மதினி வீடு இருக்கு; மதினி வீடு இல்லாட்டாலும் ஏதோ ஒரு வீடு இருக்கும். அதுலயும் ஒரு தொட்டில் தொங்கும். குப்பையா எக்கா, கூட்டி அடுத்தவ வாசல்ல தள்ள?"

பரிபூரணம் தொட்டிலை நிமிர்ந்து பார்த்தாள். அவள் தெருவில் அத்தனை பேர் படித்தவர்கள்; அடித்தால் எங்கே போகும் என்ற கேள்வி அங்கே ஒருவர் வாயிலும் வந்ததில்லை. அவள் வாயிலும் வந்ததில்லை.

"கீழத்தெருவுக்கு இல்ல, எங்க தெருவுக்கு," என்றாள். "அது எங்க தெருவுல பொறந்த விரிசல். அங்கதான் குழாய் கைக்கெட்டுத ஆழத்துல கெடக்கு. ஒரு பகல்ல வெட்டி எடுத்துரலாம். நீங்க அடிங்க. கீழத்தெரு தள்ளும், கடைத்தெரு தள்ளும், அவங்களுக்குப் பழக்கந்தான். எங்க தெருவுல மட்டும் யாரும் அடிக்காமப் பாத்துக்கிடணும்."

"அது யாரு பாத்துக்கிடுவா?"

"நான்."

முத்துப்பேச்சி சிரித்தாள். "எக்கா, நீங்க நல்லவக. ஆனா ஒத்தையாளு. ஒங்க தெரு நீளமான தெரு."

அன்று மாலை பரிபூரணம் கணவனிடம் சொன்னாள். வேதமுத்து காலனிச் சங்கத்தின் செயலாளர், கோபக்காரர் அல்லர், எதையும் சமன்பாடாக எழுதிப் பார்க்கிறவர். அவர் தட்டில் விரலால் தாளம்போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழம எப்சிபாவப் பொண்ணு பாக்க நாசரேத்துலருந்து மாப்ள வீட்டுக்காரக வாராக. அது நெனப்பிருக்கா?"

"இருக்கு."

"ரோட்டத் தோண்டிப் போட்டு, வாசல்ல இரும்பும் மண்ணுமாக் கெடக்கும். 'இந்தத் தெருதானா அது'ன்னு கேப்பாக. என்ன சொல்லுவ?"

"ஆமான்னு சொல்லுவேன். இங்கதான பொறந்துது."

"பொறந்ததுக்குச் சாட்சி யாரு? நீ ஒருத்திதான் பாத்த. வெட்டிப் பாத்தப்ப ஒண்ணும் இல்லன்னு ஊரே பாத்துச்சு. நீ வாய மூடுனா அது லைன் வீட்டு விரிசல். அவ்வளவுதான் பூரணம்."

"அவ புள்ளையோட தொட்டில் அதுக்கு நேர் மேல தொங்குது."

"நம்ம புள்ளையும் ஒண்ணுதான் நமக்கு," என்றார் வேதமுத்து. அவர் குரல் உயரவில்லை. அதனால்தான் பரிபூரணத்துக்கு அந்தச் சொல் அதிகமாக வலித்தது. பொய்யொன்று சொல்லிவிடலாமா என்றுகூட அவள் எண்ணிப்பார்த்தாள்: விரிசல் இன்னும் லைனிலேயே நிற்கிறதென்று காலையில் சொல்லிவிட்டால் தெரு அசையாது. ஆனால் வெட்டும் இயந்திரம் வந்து இறங்கினால் எந்தப் பொய்யும் நிற்காது. அத்துடன், இத்தனை காலமும் அவள் சொல்லை நம்பித்தான் ஊர் அடித்தது. அந்த ஒரு சொல்லும் பொய்த்துவிட்டால் பிறகு எந்தக் குறையை யார் யாரிடம் சொல்வது?

புதன்கிழமை விடிந்தது. லைன் வீட்டார் ஒருவரும் பாத்திக்குப் போகவில்லை. முத்துப்பேச்சி குழியின் மூடியைத் திறந்து, உப்பு வாரும் பலகையின் காம்பால் குழாயில் தட்டினாள்; மற்றவர்கள் அடித்ததுபோல ஓங்கி அடிக்கவில்லை; வாசலில் நிற்பவரை உள்ளே கூப்பிடத் தட்டுவதுபோலத் தட்டினாள். "வாங்க, ஒங்க வீட்டுக்குக் கொண்டுபோய் விடுதேன்," என்றாள். கடல்முனையில் நின்ற பரிபூரணத்தின் திரையில் விரிசல் அசைந்து எழுந்தது. கீழத்தெருவுக்கு அது வந்ததும் உலக்கைகள் முழங்கின. கடைத்தெருவில் எடைக்கற்கள் முழங்கின. தலைக்கு மேலே தெருவழியாக உப்பளத்துப் பெண்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சப்பரத்தின் பின்னே போவதுபோல அதன் கூடவே நடந்துவந்தார்கள். அவர்களைப் பார்த்து இரண்டு தெருவாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எதையாவது திருப்பித் தந்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

விரிசல் ஆசிரியர் காலனிக்குள் நுழைந்தது. பெண்கள் நுழைந்தார்கள். பரிபூரணம் கைபேசியில் இடத்தைச் சொல்லச் சொல்ல, அந்த இடத்துச் சிமெண்டுப் பலகைகளின்மேல் அவர்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். உப்புப்படிந்த பாதங்களைச் சாலையில் நீட்டி, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, அதட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை, உட்கார்ந்தார்கள்.

காலனி வாசல்களுக்கு வந்தது. உலக்கைகளும் வந்தன.

"ஏம்மா, யாரக் கேட்டு இங்கன வந்து உக்காந்திய?" என்றார் சாலமோன் சார், தண்டவாளத் துண்டைக் கையில் பிடித்தபடி.

"யாரையும் கேக்கல ஐயா. ஒங்க தெரு விருந்தாளியக் கொண்டுவந்து விட்டோம். அலுப்பா இருக்கு, செத்த இருந்துட்டுப் போறோம்," என்றாள் முத்துப்பேச்சி.

"விருந்தாளியாம்லா! எந்திரிங்க, எந்திரிங்க!"

எழவில்லை. பரிபூரணம் சொல்லிவைத்தபடி வெட்டும் இயந்திரத்தோடு வந்தவர்கள் லாரியிலேயே தயங்கி நின்றார்கள். சாலமோன் சார் தெருவின் கோடியிலிருந்த குழிக்குப் போனார். தள்ளாத வயதிலும் அவர் நடை நேராயிருந்தது. குனிந்து அடித்தார். "போலே அங்கிட்டு!"

கடல்முனையில் விரிசல் துள்ளியது. "நகருது, நகருது," என்று பரிபூரணம் கைபேசியில் கத்தினாள். "ரெண்டு வீடு தள்ளி... மூணு வீடு..." பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அதனோடு ஓடி, மறுபடி உட்கார்ந்தார்கள். அது நின்ற இடத்தைப் பரிபூரணம் திரையில் இரண்டுமுறை எண்ணிப்பார்த்தாள். அவளுடைய வீட்டு வாசல்.

அந்த வாசலில் வேதமுத்து உலக்கையோடு நின்றார். அடிக்கத் தோதாக அவர் பலகைகளை விலக்கிப்போட்டிருந்தார். குழாய் வெயிலில் கிடந்தது. அதன் இருபுறமும் உப்பளத்துப் பெண்களின் கால்கள். அடித்தால் அந்தக் கால்களுக்கு நடுவில்தான் அடிக்க வேண்டும்.

"அடிங்க வாத்தியாரய்யா," என்றாள் முத்துப்பேச்சி. மடியில் பிள்ளை விழித்துக்கொண்டு, உலக்கையின் பூண் மின்னுவதைப் பார்த்துக் கையை நீட்டியது. "பாத்து அடிங்க. இங்கருந்து கெளம்புனா எங்க போவும்னு நீங்க படிச்சவுக, கணக்குப் போட்டுச் சொல்லிருங்க. அங்கன நாங்க முன்னாலயே போய் உக்காந்துருதோம்."

வேதமுத்து வாய்திறந்தார். விடை அவருக்குத் தெரியும். அவ்வளவு எளிய கணக்கு அவர் வாழ்நாளில் கண்டதில்லை. இங்கிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து கீழத்தெரு, அங்கிருந்து, தம் உலக்கையை நோக்கிக் கைநீட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கைக்குழந்தையின் தலைக்குக் கீழே. வேறு விடை வரும்படி அதை எழுத வழியில்லை. பிள்ளை உலக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டது. அவர் அதை விடுவிக்கப் பார்த்தார், அது விடவில்லை, அதன் பிடி அவ்வளவு பலமா, அவருடைய பிடி அவ்வளவு தளர்ந்துபோயிற்றா என்று அவருக்கே புரியவில்லை. உலக்கையை மெல்லத் தரையில் கிடத்தி அதனிடமே விட்டுவிட்டார்.

பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு தம் வாசல் மண்ணில், அந்தப் பெண்களின் வரிசையில், உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் குழாயின்மேல் வைத்தார். வீட்டுக்கு வந்தவர் கிளம்ப எழும்போது எல்லா வீட்டிலும் எல்லாரும் சொல்வதையே சொன்னார்:

"இருங்க. எங்க போறிய? இருந்து சாப்ட்டுட்டுத்தான் போகணும்."

கோடியில் சாலமோன் சார் மீண்டும் அடித்தார். டங். மீண்டும் அடித்தார். குழாயின் அதிர்வு வேதமுத்துவின் தோள்வரை ஏறியது. "இருங்க," என்றார் அவர். எதிர்வீட்டு ஆசிரியை உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்சிபா உள்ளேயிருந்து வந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், தந்தைக்கு மறுபக்கம் உட்கார்ந்து கைவைத்தாள். டங் என்றது. டங் என்றது. ஒவ்வோர் அடிக்கும் பரிபூரணம் அலையனுப்பினாள். ஒவ்வோர் அலையும் போய், அதே வாசலைத் தொட்டு, அதே நேரத்தில் திரும்பிவந்தது. விரட்டுகிற குரலுக்குப் பழகிய விரிசல், இருக்கச் சொன்ன குரலைக் கேட்டு இருந்துவிட்டது. கடைசியில் கோடியிலிருந்து சத்தம் வரவில்லை. சாலமோன் சார் குழியின் விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் முத்துப்பேச்சிதான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வெட்டுங்க," என்றாள் பரிபூரணம் கைபேசியில்.

பொழுது சாயுமுன் வளையம்போல ஒரு துண்டு இரும்பு சாலையில் கிடந்தது. ஊரே வந்து எட்டிப்பார்த்தது. உட்புறத்தில், ஒரு முடியைப் படுக்கவைத்ததுபோல ஒரு கீறல், அவ்வளவுதான். "இதுக்கா?" என்றார் நகைக்கடைக்காரர். மேலாளர் அதைக் குனிந்து தொட்டுப்பார்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நாசரேத்திலிருந்து வந்தவர்கள் மண்மேட்டில் கால்வைத்து ஏறி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் வாசலைத் திரும்பிப் பார்த்து, "இந்தத் தெருவுலதான் இருந்துதாமே?" என்று கேட்டார்.

"தெருவுல இல்ல. எங்க வீட்டு வாசல்ல," என்றார் வேதமுத்து. அதைச் சொல்லும்போது அவர் விரல்கள் எதன்மேலும் தாளம்போடவில்லை. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்ன சொன்னார்கள் என்பது அவர்கள் பாடு; அவர் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை கப்பல் வந்தது. வாயுவைத் திறக்குமுன் பரிபூரணம் கடைசியாக ஓர் அலையனுப்பினாள். அது காலனியைக் கடந்து, கடைகளைக் கடந்து, சாக்கடையின் அடியைக் கடந்து, லைன் வீடுகளைக் கடந்து, தொழிற்சாலைச் சுவரைத் தொட்டு, மூட்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டு திரும்பிவந்தது. அவள் கையெழுத்திட்டாள். இட்ட பிறகும் மனம் அடங்காமல், குழாயின்மேலேயே நடந்து லைன்வரை போனாள். முத்துப்பேச்சி வீட்டில் இல்லை. வெளுக்குமுன்னே உப்புக்குப் போயிருந்தாள். பூட்டாத கதவுக்குப் பின்னே, தரைக்கடியில் வாயு ஓட, தொட்டிலில் பிள்ளை மூச்சுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தது. பரிபூரணம் வாசற்படியில் உட்கார்ந்து, அந்த மூச்சு போவதையும் வருவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.